மலைநாட்டுக் கூதிரும் வீட்டுத் தமிழும்

மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவர்களுக்குப் பருவங்களின் பெயர்கள் ஓயாத தொல்லை. ஆங்கிலத்தார் 'ஆட்டம்' என்று சொல்லும் காலத்தை நாம் 'இலையுதிர் காலம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இந்தியிலே அதே இடத்தில் 'சரத்' என்ற சொல் வரும். அது மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, நிலவு தெளிந்திருக்கும் வடநாட்டுப் பருவம். நம் முன்னோரோ ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். கூதிர் என்றால் குளிர், வாடைக் காற்று, விடாத தூறல். மாதங்கள் என்னவோ அவையே. மொழிக்கு ஒரு வானம் இருக்கிறது.

நான் குடியிருக்கும் ஊரில் இதற்கு நான்காவது ஒரு பெயர் உண்டு. 'துலாவர்ஷம்' என்பார்கள். துலாம் என்பது மலையாளக் கணக்கில் நம் ஐப்பசி. ஊரின் பெயர் வித்துரா. மலையாளிகள் 'விதுர' என்று எழுதுகிறார்கள். திருவனந்தபுரம் நகரிலிருந்து பேரூர்க்கடை, நெடுமங்காடு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் வந்தால், பொன்முடி மலையின் அடிவாரத்தில் இந்த ஊர் இருக்கிறது. இதைக் கடந்துதான் 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதைக்குச் செல்லவேண்டும். ரப்பர்த் தோட்டங்களும், கல்லாறும், பேப்பாறை அணையும் சூழ்ந்த ஊர். 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வளாகம் அமைத்துக்கொண்டபின், பல மாநிலத்தாரையும் கடைவீதியில் காணலாம். கிழக்கே வானம் தெளிவாயிருக்கும் காலை வேளைகளில் அகஸ்தியர்கூடம் தெரியும். அந்த மலைத்தொடரின் மறுபுறச் சரிவில் தாமிரவருணி பிறக்கிறது. அதன் கரையிலேதான் என் தாயார் இருக்கிறார். பறவைக்கு அது ஒரு காலைப் பயணம். நமக்கோ தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை என்று மலையைச் சுற்றி ஒரு பகல்.

துலாவர்ஷத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. விடியற்காலையில் வானம் கழுவி வைத்த பித்தளைப் பாத்திரம் போல் பளபளக்கும். பத்து மணிக்கு வெயில் சுடும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறி, உயரத்தில் குளிர்ந்து, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் பொன்முடியின் தோளிலே கருத்துத் திரளும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் முதல் இடி முழங்குகிற நேரத்துக்கும் இடையே என்ன ஒப்பந்தமோ, இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனி, ஆடி மாதங்களின் இடவப்பாதி மழை நாள் முழுதும் ஒரே சுருதியில் பெய்யும். அதில் இடி குறைவு. துலாமழை அப்படியன்று. இரண்டு மணி நேரம் ஆரவாரம் செய்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு நட்சத்திரங்களைக் காட்டிவிடும்.

இளங்குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கேற்ப எல்லாம் மாறவேண்டும். எங்கள் மூத்தவளுக்கு வயது ஏழு, இளையவனுக்கு நான்கு. துணிகளைக் காலை ஏழு மணிக்கே வெளியே போட்டு, பகல் ஒரு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். அதைத் தவறவிட்ட நாள்களில் பள்ளிச் சீருடை அடுப்படிக் கொடியில் புகை மணத்தோடு தொங்கும். தோட்டத்துப் பக்கம் போய் வந்த குழந்தையின் கணுக்காலை முதலில் பார்க்கவேண்டும். அட்டை கடித்தால் வலிக்காது, ஆதலால் குழந்தை சொல்லாது. சிறிது உப்பு வைத்தால் விழுந்துவிடும். குடிநீரை இங்கே பதிமுகம் என்னும் மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். நீர் இளஞ்சிவப்பாக மாறிவிடும். முதல் மழைக்காலத்தில் ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் அதைக் கண்டு, குழந்தைகளுக்குச் சாயத் தண்ணீரா கொடுக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். இப்போது ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு பொட்டலம் வாங்கிச் செல்கிறார்.

இடியைப் பற்றி மட்டும் விளையாட்டில்லை. துலா மாதத்து மின்னல் கேரளத்தில் ஆண்டுதோறும் உயிர்களைக் கொள்ளுகிறது. பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்தப் பருவந்தோறும் அறிவிக்கிறது. மேகம் கருத்துவிட்டால், மழை தொடங்காவிட்டாலும், குழந்தைகள் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ இருக்கலாகாது. மரத்தடியில் ஒதுங்கலாகாது. மின்கருவிகளின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதும் கூடாது. சமதளத்தில் வளர்ந்த நம்மவர்கள் இதை அலட்சியமாக நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். மலையடிவாரத்துக் குழந்தைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

ஆகவே மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை குடும்பம் முழுதும் ஒரே அறையில். தொலைக்காட்சி இல்லை, பெரும்பாலும் மின்சாரமும் இல்லை. நகர வாழ்க்கையில் எந்தக் குடும்பத்துக்கும் கிட்டாத இந்த மூன்று மணி நேரத்தைத் துலாவர்ஷம் எங்கள்மீது சுமத்துகிறது. அந்த அறையில்தான் ஒரு விஷயம் எங்கள் கண்ணில் பட்டது: குழந்தைகள் எந்த மொழியில் விளையாடுகிறார்கள் என்பது.

அவர்கள் மலையாளத்தில் விளையாடினார்கள். எங்களோடு பேசும்போது தமிழ், தமக்குள் மலையாளம். அதில் வியப்பு இல்லை. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடம். குடியிருக்கும் நாட்டின் மொழியைக் குழந்தை கற்பது நல்லதே என்பதில் எனக்கு ஐயமில்லை. வீதியின் மொழி தெரியாமல் வளரும் குழந்தை வாழ்நாள் முழுதும் விருந்தாளியாகவே இருக்கும். ஆனால் தமிழும் மலையாளமும் மிக அருகே இருக்கும் மொழிகள். அருகே இருப்பதே அபாயம். பம்பாயிலோ கல்கத்தாவிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்குத் தன் மொழி எங்கே முடிகிறது என்று தெரியும். இங்கே வரப்பு தெரிவதில்லை.

ஒரு நாள் தொலைபேசியில் மூத்தவள் தன் ஆச்சியிடம், "ஆச்சி, நாளைக்கு எங்களுக்கு அவதி!" என்று கூவினாள். ஆச்சி பதறிப்போய், "என்னம்மா அவதி, யாருக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். கனமழைக்காகக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார், அவ்வளவுதான். மலையாளத்தில் 'அவதி' என்றால் விடுமுறை. இளையவன் அதற்குமுன் ஒருமுறை, "வெள்ளம் வேணும்" என்று அழுதிருக்கிறான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு குவளைத் தண்ணீர். இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. புரட்டாசியில் ஆச்சியிடமிருந்து பேத்திக்கென்று தனியாக ஒரு கடிதம் வந்தது. தொலைபேசி இருந்தாலும் கடிதம் எழுதுவதை அவர் விடவில்லை. பிரித்துப் பார்த்த குழந்தை, படம் ஏதேனும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே வாசியுங்கள் அப்பா" என்று என்னிடம் நீட்டினாள். மலையாளத்தில் கடைப் பலகைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் படிக்கிற குழந்தை.

புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நவராத்திரி வருகிறது. திருவனந்தபுரத்து நவராத்திரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தமிழர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் யானைமீதும் பல்லக்குகளிலும் புறப்பட்டு, களியக்காவிளையில் எல்லை கடந்து, திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து மாறியபின் ஏற்பட்ட வழக்கம் இது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று முதல் தெய்வங்கள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் போய் வருகிறார்கள். இரு பக்கத்துப் போலீஸாரும் மரியாதை அணிவகுப்புச் செய்கிறார்கள். அந்தச் சரஸ்வதி, கம்பர் பூசித்த திருவுருவம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

விஜயதசமியன்று இளையவனுக்கு ஏடு தொடங்கவேண்டும். கேரளத்தில் இது பெரிய வைபவம். கோயில்களில் மட்டுமன்றி நூலகங்களிலும், பத்திரிகை அலுவலகங்களிலும், சில தேவாலயங்களிலும்கூடக் குழந்தைகளை மடியிலிருத்தி அரிசியில் எழுதச் செய்கிறார்கள். எந்த எழுத்தை முதலில் எழுதுவது? வீட்டில் இரண்டு நாள் இதுவே பேச்சு. வந்திருந்த என் தாயாருக்குத் தமிழ் 'அ'வைத் தவிர வேறொன்று முதலாவதை ஏற்க மனமில்லை. பக்கத்து வீட்டில் பள்ளி ஆசிரியையாயிருந்து ஓய்வு பெற்ற அம்மையார் இருக்கிறார். குழந்தைகள் அவரை 'அம்மூம்மை' என்கிறார்கள். அவர்தான் எழுதுவிப்பவர். அவர் சொன்னார்: "தட்டில் அரிசி நிறைய இருக்கிறதே!" தட்டின் ஒரு பாதியில் அவர் மலையாளத்தில் 'ஹரிஸ்ரீ' எழுதுவித்தார். மறுபாதியில் ஆச்சி 'அ' எழுதுவித்தார். பையன் இரண்டையும் கலைத்துவிட்டு அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

அந்த விவாதத்தில் நாங்கள் செலவிட்ட கவலை அனைத்தும் உண்மையில் மறுநாளைக்கு உரியது. முதல் எழுத்து ஒரு நிமிஷத்து வேலை. பிறகு வருகிற இருநூற்று நாற்பத்தாறுதான் கேள்வி.

இங்கேதான் மழை எங்களுக்குத் துணை செய்தது. மின்சாரம் போனதும் விளக்கை ஏற்றி, அரை மணி நேரம் தமிழ் வாசிப்பு என்று வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் இல்லை. அரை மணிக்கு மேல் இழுத்தால் குழந்தை தமிழை வெறுக்கும். நூல்களுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களை இணையத்திலிருந்து விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். 2001-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிடங்களில் வாழும் குழந்தைகளுக்கென்றே பாடங்களை வைத்திருக்கிறது. மலையாளம் அறிந்த குழந்தைக்கு எழுத்து விரைவில் பிடிபடுகிறது. எகர, ஒகரக் குறிகள் எழுத்துக்கு முன்னே நிற்கும் முறை இரண்டிலும் ஒன்றே. தகராறு வேறிடத்தில் வந்தது. 'தீபாவளி' என்று எழுதியதைப் பார்த்து மூத்தவள், "இது எந்தத் த?" என்று கேட்டாள். மலையாளத்தில் அந்த ஓசைகளுக்கு நான்கு எழுத்துகள், நமக்கு ஒன்றே. சொல்லை முன்பே காதால் அறிந்தவனுக்குத்தான் தமிழ் எழுத்து தன் ஓசையைச் சொல்லும் என்று விளக்கினேன். அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆயினும், ஆச்சியிடம் கதை கேட்ட குழந்தைக்கே வாசிப்பு எளிதாகிறது என்பது எனக்கு அப்போது தெளிவாயிற்று. காதுதான் முதல் பாடநூல்.

தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்த்தாலொழியத் தமிழ் வராது என்று நம் நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. வித்துராவுக்கு வரும் வழியில் பேரூர்க்கடை என்றேனே, அங்கே வாழ்ந்தவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பணி செய்தவர். 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்ததே. அவர் கல்வியிற் பெரியவர், அவரைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது என்பீர்களாயின், ஆ. மாதவனைக் காட்டுகிறேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திய அவர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தாமாகவே கற்றார். 2015-ஆம் ஆண்டு தமிழுக்கான சாகித்திய அகாதமிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021-இல் மறைந்தார். கடைத்தெருவின் இருமொழிப் பேச்சை அவர் குறையாகக் கருதவில்லை, அதையே கதையாக்கினார்.

தீபாவளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.  தீபாவளி ஒரு நாள் விடுமுறையோடு அமைதியாகக் கழியும். ஊரெல்லாம் உறங்கும் விடியற்காலையில் எங்கள் வீட்டில் மட்டும் எண்ணெய்க் குளியலும் அழுகையும். நவம்பர் முதல் தேதி கேரளம் பிறந்த நாளுக்கு மூத்தவள் பள்ளியில் வெள்ளைச் சேலை போன்ற பாவாடையுடுத்தி மலையாளப் பாட்டுப் பாடினாள், நன்றாகப் பாடினாள். என் தாயாருக்கு அந்தப் படத்தை அனுப்பினோம். 'கண்ணேறு கழித்துப் போடு' என்று பதில் வந்தது.

கார்த்திகையன்று இரு வீட்டு மதில்களிலும் அகல் எரிகிறது. திருக்கார்த்திகை மலையாளிகளுக்கும் உரியது. அம்மூம்மை வீட்டிலிருந்து அவித்த சேம்பும் காய்ச்சில் கிழங்கும் வந்தன. எங்கள் வீட்டிலிருந்து ஓலைக்கொழுக்கட்டை போயிற்று. அன்று மாலை துலாமழையின் கடைசி இடி மலைக்கு அப்பால் எங்கோ கேட்டது. ஒருவேளை ஆச்சியின் ஊரில் பெய்திருக்கும். மூத்தவள் புரட்டாசிக் கடிதத்தை எடுத்துவந்து விளக்கடியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, மூன்று வரி வரையில் படித்தாள். நாலாவது வரியில் ஆச்சியின் கையெழுத்து கிறுக்கலாயிருந்தது. அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த கடிதத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லவேண்டும் என்றாள். அந்தச் செய்தியைத் தமிழில் அவளே எழுதட்டும் என்று சொல்லியிருக்கிறோம். கடித உறை மேசைமீது இருக்கிறது. இதுவரை முகவரி மட்டும் எழுதியிருக்கிறாள்.