நான்கு கண்ணிகளில் ஒரு நடை

(பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



எந்திரம் ஒன்று தானே நடக்க வேண்டுமாயின் அதற்குக் கணிப்பொறி இன்றியமையாதது என்பது பரவலான எண்ணம். உயிரினங்களின் நடை வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. மூளையின் தொடர்பை இழந்த பூனையின் முதுகுத் தண்டே நடைக்குரிய தாளத்தை எழுப்ப வல்லது என 1911இல் கிரஹாம் பிரௌன் என்னும் ஆய்வாளர் காட்டினார். பிரிஸ்டல் நகரில் 1948-49இல் கிரே வால்டர் என்பார் இரண்டே வால்வுகளைக் கொண்டு ஆமை வடிவ எந்திரங்களைச் செய்தார். அவை ஒளியை நாடிச் சென்றன. தடையில் முட்டினால் விலகிச் சென்றன.

இவ்வழியில் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தவர் மார்க் டில்டன். அவருடைய நரம்புச் சுற்றுக்கு 1994இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் ஒரு கண்ணியில் இருப்பவை மூன்றே பொருள்கள்: ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், உள்வருவதைத் தலைகீழாக்கித் தரும் ஓர் இன்வெர்ட்டர். 74எச்.சி.14 என்னும் சிறு சில்லில் இத்தகைய இன்வெர்ட்டர்கள் ஆறு உள்ளன.

கண்ணியின் உள்வாயில் மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால், அவ்வுயர்வு கெபாசிட்டர் வழியே இன்வெர்ட்டரை எட்டுகிறது, வெளியீடு தாழ்கிறது. இன்வெர்ட்டரின் முகப்பில் ஏறிய அழுத்தம் ரெசிஸ்டர் வழியே மெல்லக் குறைகிறது. அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் வெளியீடு மீண்டும் உயர்ந்து, அடுத்த கண்ணியைத் தட்டி எழுப்புகிறது. 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் அமைந்தால் ஒரு கண்ணியின் தாமதம் ஏறத்தாழ 0.2 நொடி. நான்கு கண்ணிகளை வளையமாக இணைத்தால், துடிப்பு ஒரு சுற்று வர ஏறத்தாழ 0.8 நொடி ஆகும்.

முன்கால் மோட்டாரை 1, 3 ஆகிய கண்ணிகளுக்கு இடையிலும், பின்கால் மோட்டாரை 2, 4 ஆகியவற்றுக்கு இடையிலும் பொருத்தினால், இரு கால்களும் முறை வைத்து முன்னும் பின்னும் வீசும். அதுவே நடை. சில்லின் ஆற்றல் மோட்டாருக்குப் போதாதாகையால், இடையே மின்னோட்டத்தைப் பெருக்கும் பகுதி தேவை. ஒரு ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒளியுணர் ரெசிஸ்டரை வைத்தால், வெளிச்சத்திற்கேற்ப அக்கண்ணியின் காலம் மாறும். நடையும் ஒரு புறம் திரும்பும்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டிய இடர் ஒன்று உண்டு. மின்சாரம் தந்தவுடன் வளையத்தில் இரு துடிப்புகள் எதிரெதிரே சுழலக்கூடும். அப்போது மோட்டாரின் இரு முனைகளும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் ரோபோ அசையாது நிற்கும். தொடக்கத்திலேயே மிகுதித் துடிப்பை அணைக்கும் சிறு துணைச் சுற்று அமைப்பது இதற்குத் தீர்வாகும்.

இவ்வளையத்தின் எல்லையையும் உணர வேண்டும். அது வழியை நினைவில் கொள்ளாது, எண்ணாது, திட்டமிடாது. அப்பணிகளுக்கு நிரல் எழுதிய சில்லுகளே ஏற்றவை. அவையும் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. எனினும், ஆயத்தப் பெட்டியை வாங்கி, பிறர் எழுதிய நிரலை ஏற்றி ஓட்டுவதால் மட்டும் தொழில்நுட்பம் கைவசமாகிவிடாது. வளையத்தில் ஒவ்வொரு கண்ணியின் காலத்தையும் கணக்கிட்டு, அளந்து, காலின் எடைக்கேற்பத் திருத்த வேண்டியிருக்கிறது. ஏன் நடக்கிறது, ஏன் நின்றது என்பதற்கு விடை மாணவரின் கையிலேயே உள்ளது.

1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றிய நகரம் இது. உதிரிப் பொருள்களுக்கு எஸ்.பி. ரோடு கடைகள் இருக்கின்றன. பழுதான பொம்மைகளிலும் டேப் ரிக்கார்டர்களிலும் மோட்டார்கள் கிடைக்கின்றன. லிங்கராஜபுரத்து வீடொன்றின் மேசை மீது, இரு கால் மோட்டார்களுடன் ஒரு வளையம் உருவாகத் தடையேதும் இல்லை. வாங்கி ஓட்டும் பழக்கம் ஆக்கி அறியும் பழக்கமாக மாறுவதே நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு உறுதியான அடித்தளமாகும்.