மழைப் புழுக்கத்தில் மேனி காத்தல்



தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு வந்து குடியேறுவோரை முதலாண்டில் திகைக்க வைப்பது இவ்வூர் மழைக்காலம். சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. வெயில் தணிந்த பின் வரும் மழை அது. இங்கோ ஆனியிலேயே, கோடையின் சூடு ஆறுவதற்கு முன்னர் மழை தொடங்கிவிடுகிறது. வானம் மூடிக் கிடக்கும், காற்று அசையாது, குளித்து முடித்துத் தலை துவட்டுவதற்குள் மீண்டும் வேர்க்கும். இப்புழுக்கத்தை இந்தியில் 'உமஸ்' என்பார்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மே மாதத்தில் வீட்டைக் குளிரச் செய்த கூலர், ஜூலையில் வெறும் ஈரக்காற்றை ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். கூலரிலுள்ள நீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிர்கிறது. காற்றில் முன்னரே ஈரம் நிறைந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. நம் மேனியும் இவ்வகையில் ஒரு கூலரே. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. உலராத வியர்வை தோலிலேயே தங்கி அதனை ஊறவைக்கிறது. ஊறிய தோலில் வியர்வைத் துளைகள் அடைபட்டால் வேர்க்குரு. கால்விரல் இடுக்கு வெந்து வெளுத்தால் சேற்றுப்புண். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் பூஞ்சை பற்றினால் படர்தாமரை. அருவருக்கத்தக்க நோய்க்கு இத்துணை அழகிய பெயரை வைத்தவர் யாரோ! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவர்மேல் சற்றுப் பொறாமையும் உண்டு.

ஆகவே, இப்பருவத்தில் மேனிக்கு எதைப் பூசலாம் என்று கேட்பதற்கு முன், எவ்வாறு உலர்த்தலாம் என்று கேட்க வேண்டும். காலையும் மாலையும் குளிப்பது நன்று. சாதாரண சோப்பே போதும். நார் கொண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். குளித்தபின் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றைத் துண்டால் ஒற்றி எடுத்து, ஓரிரு நிமிடம் மின்விசிறியின் கீழ் நின்று ஆறிய பிறகே உடுக்க வேண்டும். ஈரத்தின்மேல் பவுடரைக் கொட்டினால் அது மாவாய்க் குழைந்து மடிப்புகளில் தங்கும். இருக்கமான உடைகளை விடுத்துத் தளர்ந்த பருத்தி ஆடைகளை அணியலாம். அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் நாள் முழுதும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. பலருக்குப் படர்தாமரை அவ்விடத்தில்தான் தோன்றுகிறது. மழை நாளில் வீட்டினுள் உலர்த்திய உள்ளாடைகளின் மடிப்பிலும் தையலிலும் ஈரம் நின்றுவிடும்; இஸ்திரி போட்டு அணிவது உத்தமம். அலுவலகம் செல்வோர் நனைந்த காலுறையுடன் மாலைவரை அமர்ந்திராமல், மேசைக்கடியில் ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் இல்லத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நம் இடுப்பில் வட்டமாய் ஒரு தடிப்புத் தோன்றி அரித்தது. மருத்துவரிடம் போகவில்லை. அரிக்கும் இடத்தைப் பிற மொழியில் எடுத்துச் சொல்லக் கூச்சம். கோப்புகளில் ஓடுகிற இந்தி, உடம்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நாவில் எழவில்லை. பக்கத்து மருந்துக் கடையில் சைகையால் காட்டினோம். ஒரு டியூப் களிம்பு கிடைத்தது. இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினோம், திரும்பி வந்தது. மீண்டும் பூசினோம். இதற்குள் ஒரே துண்டைப் பயன்படுத்திய மனைவிக்கும் மகனுக்கும் தொற்றிக்கொண்டது. அவர்களுக்கும் அதே டியூபை எடுத்துக் கொடுத்தவர் நாமே.

தீபாவளிக்குள் மகனின் உள்தொடையில் கீறினாற்போல் சிவந்த கோடுகள் விழுந்துவிட்டன. பின்னர் சந்தித்த தோல் மருத்துவர் டியூபை வாங்கிப் பார்த்தார். அதில் பூஞ்சைக் கொல்லியுடன் குளோபெட்டசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு, சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடுகிறது. ஆனால் உடலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்குவதால் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. தோலும் மெலிந்து உள்ளே இழைகள் அறுகின்றன. படர்தாமரை மூன்று மாதச் சிகிச்சையில் நீங்கியது. மகனின் தொடைக் கோடுகள் வெளிறிப் போயினவேயன்றி மறையவில்லை. இனி மறையமாட்டா என்றார் மருத்துவர். அந்த டியூபின் மேல், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. அவ்வாசகத்தை நாம் அலுவலகத்தில் எத்தனையோ முறை தமிழாக்கியிருக்கிறோம்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. இத்தகைய கலவைக் களிம்புகளை நாடெங்கும் மக்கள் தாமாகவே வாங்கிப் பூசியதால், 2018ஆம் ஆண்டு மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. பூஞ்சையும் முன்போல் இல்லை. டெர்பினாஃபின் என்னும் வழக்கமான மருந்துக்குப் பல இடங்களில் கட்டுப்படாத ஓர் இனத்துக்கு, 2020ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது பெருமைக்குரியதன்று.

ஸ்டீராய்டே நஞ்சு என்று கொள்ள வேண்டாம். வேறு சில தோல் நோய்களுக்கு மருத்துவர் அளவறிந்து தருகிறார். படர்தாமரைக்குத்தான் அது ஆகாது. பூஞ்சை மருந்தைத் தடிப்பின் மேலன்றி, அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கும் பூச வேண்டும். தடிப்பு மறைந்த பின்னரும் மருத்துவர் குறித்த நாள்வரை நிறுத்தலாகாது. வீட்டில் மற்றவருக்கும் அரிப்பு இருந்தால் எல்லோரும் ஒருங்கே சிகிச்சை பெற வேண்டும். துண்டும் உள்ளாடையும் ஆளுக்கு வேறாக இருக்கட்டும்.

கூச்சத்தால் தயங்குவோர்க்கு இரண்டு சொற்கள் தருகிறோம். படர்தாமரைக்கு இந்தியில் 'தாத்', அரிப்புக்குக் 'குஜ்லி'. இவ்விரண்டையும் சொல்லி இடத்தைச் சுட்டினால் மருத்துவர் புரிந்துகொள்வார். முன்பு பூசிய டியூபையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.