கனத்த உடலும் மூவகைப் போட்டியும்

(தாழ்வுபாட்டில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எமது விளையாட்டு விழாக்களிலே பருத்த உடலுடைய இளைஞனுக்கென்று ஓரிடம் உண்டு. கயிறிழுத்தற் போட்டியில் கயிற்றின் கடைசி முனையே அவ்விடம். அன்றைக்கு மட்டும் அவனைத் தேடி அழைப்பர். வென்றால் தோளிலே தட்டுவர். அது முடிந்ததும் அவன் மரநிழலுக்குப் போய்விடுவான். ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க வந்தானாயின் சிரிப்பு எழும். கெட்ட எண்ணத்தோடு எழும் சிரிப்பன்று அது. ஆயினும் அதற்கு அஞ்சிப் பெயர் கொடாது விட்ட தம்பிமாரும் தங்கைமாரும் ஊருக்கு எத்தனை பேர்? இருபது வயதிலே மைதானத்தை விட்டு விலகியவர்களிற் பலர் நாற்பது வயதிலே நீரிழிவுக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்கின்றனர். ஆதலின் இது சிரித்து மறக்கும் விடயமன்று.

நீந்துதல், துவிச்சக்கரவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டியை ‘ட்ரையத்லன்’ என்பர். நாம் மூவகைப் போட்டி என்று சொல்லிக்கொள்வோம். ஹவாய்த் தீவிலே, நீச்சற்காரன் வலியவனா, ஓட்டக்காரன் வலியவனா, வண்டிக்காரன் வலியவனா என்று எழுந்த வாக்குவாதம் ஒன்றிலிருந்து 1978-இல் பிறந்தது அதன் மிக நீண்ட வடிவம். நீச்சல் 3.8 கிலோமீற்றர், வண்டி 180 கிலோமீற்றர், அதன்மேல் ஒரு முழு மரதன் ஓட்டம்! அவ்வாண்டு புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே இப்போட்டி குறுகிய வடிவில் இடம்பெற்றது. 2018-இல் கொழும்பிலும் ஒரு பெரும் போட்டி நடந்தது.

இப்போட்டியை ஏன் இங்கே எடுத்தோம் எனில், கனத்த உடலை இது ஒரே தராசில் நிறுப்பதில்லை. கடல் ஒரு விதமாக நிறுக்கிறது. தெரு வேறு விதமாக நிறுக்கிறது. கால் இன்னொரு விதமாக நிறுக்கிறது.

கடலை முதலில் எடுப்போம். கொழுப்பு நீரிலும் இலேசானது. எலும்பும் தசையுமாய் இருக்கும் மெலிந்த இளைஞனின் கால்கள் நீரிலே தாழும். அவற்றைத் தூக்கிப் பிடிக்கவே அவன் பாதிப் பலத்தைச் செலவிடுவான். பருத்தவனைக் கடல் தானே தாங்குகிறது. குளிர்ந்த கடலிலோ அக்கொழுப்பே கம்பளியுமாகும். கடற்றொழில் செய்யும் இவ்வூரார் அறிய வேண்டிய வரலாறு ஒன்று இதற்கு உண்டு. 1984 மார்ச் மாதத்து இரவொன்றில் ஐஸ்லாந்து நாட்டுக் கடலிலே மீன்பிடிப் படகொன்று கவிழ்ந்தது. அதிலிருந்த ஐவரில் நால்வர் மாண்டனர். குத்லாகூர் பிரித்தோர்சன் என்னும் 22 வயது இளைஞர் ஒருவரே தப்பினார். நீரின் வெப்பம் 5 அல்லது 6 பாகை செல்சியசு. அத்தகைய நீரிலே சிறிது நேரத்துக்குள் உயிர் போய்விடுவதே வழக்கம். அவரோ சட்டையும் காற்சட்டையுமாக ஐந்து கிலோமீற்றருக்கு மேல், ஐந்தாறு மணித்தியாலம் நீந்திக் கரையேறினார். ஏறியபின் கூரிய எரிமலைப் பாறைகளின்மேல் வெறுங்காலோடு நடந்து ஊர் சேர்ந்தார். அவருடைய நிறை ஏறக்குறைய 125 கிலோ. பின்னர் இலண்டனில் கீற்றிங்கு என்னும் பேராசிரியர் அவரைச் சோதித்து, தோலின் கீழுள்ள கொழுப்புப் படை சாதாரண மனிதரிலும் இரண்டு மூன்று மடங்கு தடித்திருந்ததே அவரைக் காத்தது என்று கண்டார். எந்த உடலைக் கண்டு ஊர் சிரித்திருக்கக்கூடுமோ, அந்த உடலே அவரை ஊர் சேர்த்தது. (இதைக் கேட்டு இன்றிரவே இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொள்ள வேண்டாம். எமது கடல் வெந்நீர்க் கடல். இங்கே கம்பளி தேவையில்லை.)

நீச்சல் எமக்குப் புதிதுமன்று. 1954-இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி அவர்கள் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1966-இல் மிகிர் சென் அவர்கள் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலை நீந்தியபோது ஒரு நாளுக்கு மேல் நீரிலேயே இருந்தார். 2021-இல் சியாமளா கோலி என்னும் நாற்பதைக் கடந்த பெண்மணி அதே கடலை நீந்தினார். இவையெல்லாம் எமது தீவின் வாசலில் நடந்தவை.

அடுத்தது வண்டி. மலைநாட்டிலே ஏற்றம் ஏறும்போது ஒவ்வோர் இறாத்தலும் பின்னுக்கு இழுக்கும். மன்னார்த் தீவிலோ ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரையிலே வண்டிக்காரனின் எதிரி காற்று. உடலின் நிறை கூடுகிற அளவுக்குக் காற்றிற்படும் பரப்புக் கூடுவதில்லை. கனத்தவனின் காலிலே பலமும் உண்டு. இங்கு வீசும் சோளகத்தின் வலிமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தென்கரையிலே 2020-இல் நிறுவிய காற்றாலைகள் சொல்லும். பின்சில்லின் கம்பிகளை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. கனத்தவர்க்கு முதலில் அறுவது அதுவே. தொடை உரசிப் புண்ணாகாதிருக்கத் தேங்காயெண்ணெய் போதும்.

ஓட்டந்தான் கடினம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. நூறு கிலோ உடையவனின் முழங்கால் என்ன பாடு படும்! அதனிலும் பெரிய இடர் வெப்பம். பெரிய உடல் கூடுதலான சூட்டைப் பிறப்பிக்கும்; அதை வெளியேற்றும் தோலோ அந்த அளவுக்குப் பெரிதன்று. ஆதலின் பயிற்சியை நடையிலே தொடங்குக. சில வாரம் நடந்தபின் நூறு அடி ஓட்டம், மீண்டும் நடை. அப்படியே சிறுகச் சிறுகக் கூட்டுக. விடியலிலே செய்க. இரத்த அழுத்தமோ நீரிழிவோ நெஞ்சு நோவோ உடையவர் வைத்தியரைக் கேட்ட பின்னரே இறங்குக. நிறை குறையவில்லையே என்று மனம் தளர வேண்டாம். நிறை குறையாவிடினும், ஒழுங்காகப் பயிற்சி செய்பவரின் இதயமும் இரத்தமும் நலம்பெறுகின்றன.

அமெரிக்காவிலே இத்தகையோர்க்குத் தனிப் பிரிவு வைத்திருக்கின்றனர். ஆண்களுக்கு 220 இறாத்தலும் அதற்கு மேலும். பெண்களுக்கு 165-உம் அதற்கு மேலும். ஆண்கள் பிரிவுக்கு ஸ்கொத்லாந்தின் பார வண்டிக் குதிரையின் பெயரை வைத்தார்கள். பெண்கள் பிரிவுக்கு ஒரு கிரேக்கத் தெய்வத்தின் பெயர்! அங்கே பலர் அதைப் பெருமையாகவே கொள்கின்றனர். எமது ஊருக்கு அது பொருந்தாது என்பதே எமது கருத்து. நாலுபேர் முன்னிலையில் தராசில் ஏற்றினால், ஓட வந்த பிள்ளை மரநிழலுக்கே திரும்பிவிடும். பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்க மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அதை அளந்தவர் எவரும் அதனிடம் குறை சொல்லவில்லை; சீமையிலிருந்தெல்லாம் வந்து படம் பிடிக்கின்றனர்.

ஆகவே மன்றத்தார்முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. வரும் விழாவிலே சிறிய அளவில் ஒரு மூவகைப் போட்டி நடத்துக. கரையோரமாக 300 மீற்றர் நீச்சல். பள்ளிமுனைப் பெருக்க மரம் வரை வண்டியிற் சென்று திரும்புதல். ஊருக்குள் இரண்டு கிலோமீற்றர் ஓட்டம் அல்லது நடை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடியும். முதல் மூவருக்குப் பரிசு கொடுங்கள். ஆனால் முடித்தவர் அனைவரின் பெயரையும் நேரத்தோடு இம்மலரிலே அச்சிடுங்கள். ஹவாய்ப் போட்டியிலே 17 மணித்தியாலத்துக்குள் வந்தவர் எவராயினும் முடித்தவராகவே எண்ணப்படுகிறார். நாமும் தாராளமாக நேரம் கொடுக்கலாம்.

கடலைப் பற்றி ஒரு சொல். 1984-இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்களை, பாக்குநீரிணையை இருமுறை வென்ற அந்த வீரரை, ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோயிற்று. எவ்வளவு சிறிய தூரமாயினும் இரண்டு வள்ளங்கள் நிற்க வேண்டும். கடைசி ஆள் கரையேறும்வரை அவை திரும்பக் கூடாது. அவ்வாறே கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை, நேரம் பார்ப்பவரும் தண்ணீர்ப் பானையும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வள்ளத்துக்குப் பெரியவர்கள் பொறுப்பெடுப்பார்கள் என்று நம்புகிறோம். பெயர் கொடுப்பதற்குரிய கொப்பி செயலாளரின் மேசையில் இருக்கிறது. பெயர், வயது, நீந்தத் தெரியுமா என்ற மூன்றையுமே அதிற் கேட்டிருக்கிறோம்.