பெர்லின் மாநகரம் புகட்டும் பாடம்

 

வெள்ளி விழா மேடையில் ஜெர்மன் இலக்கியத்தையும் திரைப்படத்தையும் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நமக்கும் பெர்லினுக்கும் என்ன உறவு?" என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1921ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பெயர் பதிவு செய்துகொண்டவர். ஜெர்மன் மொழியைக் கற்றவர். அவரே 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களைக் கடுமையாக மறுத்துரைத்தார். கிராமம் நம் முன்னோர்க்கு எதைத் தந்தது, எதை மறுத்தது என்பதை அவர் நன்கறிவார். இன்று நம் பிள்ளைகள் வேலை தேடியும் கல்வி தேடியும் நகரத்தை நாடிச் செல்கிறார்கள். அந்த நகரம் எத்தகையது என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டாமா? அதற்கு ஜெர்மானியரின் படைப்புகளைப் போல் உதவுவன மிகச் சிலவே.

இடைக்கால ஜெர்மனியில் ஒரு வழக்கம் இருந்தது. பண்ணைக்குக் கட்டுண்ட குடியானவன் ஒருவன் நகரத்துள் புகுந்து, எசமானன் உரிமை கோராத நிலையில் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால், அவன் விடுதலை பெற்றவனாகப் பல நகரங்களில் கருதப்பட்டான். நகரம் பிறப்பின் தளையை அறுக்கும் என்னும் நம்பிக்கை அங்கே அவ்வளவு பழமையானது.

அந்த நம்பிக்கையை அறிவு கொண்டு ஆராய்ந்தவர் பெர்லினில் பிறந்த கேயார்க் சிம்மல் என்னும் சமூகவியல் அறிஞர். பெருநகரமும் மனித உள்ளமும் பற்றி அவர் 1903இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நகரத்தில் பணமும் கடிகாரமும் ஆட்சி செய்கின்றன. அங்கே மனிதன் மனிதனிடம் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கிறான் என்கிறார் அவர். ஆனால் அந்த ஒதுக்கத்திலேயே ஒரு சுதந்திரமும் இருக்கிறது என்று அவர் காட்டுகிறார். அண்டை வீட்டான் நம்மை அறியமாட்டான். ஆகவே நம்மை அடக்கவும் மாட்டான். "எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு நாள்தோறும் கூசி நின்ற நமக்கு இதன் அருமை விளங்கும். எனினும், மக்கள் நெரிசலுக்கு நடுவேதான் மனிதன் மிகத் தனியனாகிறான் என்பதையும் சிம்மல் சொல்லத் தவறவில்லை.

1871இல் ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் வாழ்ந்த பெர்லின், 1920இல் சுற்றுப்புற ஊர்களும் இணைக்கப்பட்டபின் ஏறத்தாழ 38 இலட்சம் பேர் வாழும் மாநகரமாயிற்று. தொழிலாளர் குடும்பங்கள் அடுக்குக் குடியிருப்புகளில் அடைபட்டன. 1853ஆம் ஆண்டுக் கட்டட விதிப்படி உள்முற்றம் 5.34 மீட்டர் நீள அகலம் இருந்தால் போதும். தீயணைக்கும் வண்டி திரும்புவதற்கு அவ்வளவு இடம் தேவை. வண்டிக்கு இடம் அளந்தவர்கள் குழந்தைக்கு வெயிலை அளக்கவில்லை.

இந்தப் பெர்லினின் முதற்பாடத்தை 'கடைசி மனிதன்' என்ற திரைப்படத்தில் காணலாம். முர்னாவ் 1924இல் இயக்கிய மௌனப் படம் அது. பெரிய விடுதியொன்றின் முதிய வாயிற்காவலர், தம் பளபளப்பான சீருடையால் குடியிருப்பு முழுவதும் மதிக்கப்படுகிறார். முதுமை காரணமாக அவரைக் கழிப்பறைப் பணிக்கு மாற்றுகிறார்கள். சீருடையைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். நேற்று வணங்கியவர்கள் இன்று சிரிக்கிறார்கள். மனிதர் மாறவில்லை, வேலைதான் மாறியது. தொழிலைக் கொண்டு மனிதனை இழிவு செய்யும் நோய் பெருநகரத்திலும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யார் உரைக்க முடியும்?

இரண்டாம் பாடம் 1929இல் வெளிவந்த 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' என்னும் நாவல். அதை எழுதிய ஆல்ஃபிரெட் டோப்ளின் யூதர். தந்தை கைவிட்டுப் போனபின், பத்து வயதில் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் பெர்லினுக்கு வந்து வறுமையில் வளர்ந்தவர். பின்பு மருத்துவராகி, அந்நகரின் கிழக்குப் பகுதியில் எளிய மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நாவலின் நாயகன் ஃபிரான்ஸ் பீபர்கோப் உத்தமனல்லன். தன்னோடு வாழ்ந்த பெண்ணை அடித்துக் கொன்று, நான்காண்டு சிறையிலிருந்து வெளிவருபவன். இனி நேர்மையாக வாழ்வேன் என்று உறுதி பூணுகிறான். மூன்று முறை அடி விழுகிறது. நண்பன் என்று நம்பியவனால் ஒரு கையை இழக்கிறான். அவனாலேயே தன் அன்புக்குரியவளையும் இழக்கிறான். செய்தித்தாள், விளம்பரம், டிராம் வண்டித் தடம், இறைச்சிக்கூடக் கணக்கு எல்லாம் கதையின் ஊடே கலந்து ஒலிக்கின்றன. ஊரின் இரைச்சலே நூலாகிவிட்டது எனலாம். "என் பலம் எனக்குப் போதும்" என்ற இறுமாப்பே பீபர்கோப்பை வீழ்த்தியது. பிறரோடு சேர்ந்து நிற்பதும், எவரோடு சேர்கிறோம் என்று கண் திறந்து பார்ப்பதுமே வழி என்பதை இறுதியில் அவன் உணர்கிறான். ஃபாஸ்பிண்டர் இந்நாவலை 1980இல் 14 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சிப் படமாக்கினார்.

மூன்றாவது 'கூலே வாம்பே'. ஜெர்மனியில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வேலையின்றி வாடிய 1932இல் வெளிவந்த இப்படத்தை ஸ்லாட்டான் டுடோவ் இயக்கினார். திரைக்கதையில் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டுக்குப் பங்குண்டு. இளைஞர் கூட்டமொன்று மிதிவண்டிகளில் வேலை தேடி வாசல் வாசலாக விரைகிறது. வெறுங்கையுடன் வீடு திரும்பிய ஒருவனைப் பெற்றோர் ஏசுகின்றனர். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, சன்னலிலிருந்து குதித்து மாண்டுபோகிறான். பெற்றோர்களே, வேலை கிடைக்காதது பிள்ளையின் குற்றமன்று. ஏசும் முன் இக்காட்சியை நினையுங்கள். அரசு முதலில் இப்படத்தைத் தடை செய்தது. எதிர்ப்புக்குப் பின் வெட்டுகளுடன் அனுமதித்தது. படத்தின் பிற்பகுதியில் தொழிலாளர் விளையாட்டு விழாவில் இளைஞர்கள் ஒன்றுகூடி நிற்கிறார்கள். தனியனாக மாண்ட அவனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடே படத்தின் செய்தி.

இனி முடிவைக் கேளுங்கள். 1933 மே 10ஆம் நாள் இரவு, பெர்லின் நகரின் நடுச் சதுக்கத்தில் ஏறத்தாழ 20,000 நூல்கள் எரிக்கப்பட்டன. டோப்ளினின் எழுத்துகள் விலக்கப்பட்டன. அவர் அதற்கு முன்பே, பிப்ரவரி மாத இறுதியில், நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். தீ மூட்டியவர்கள் படிப்பறியாத மக்களல்லர், பல்கலைக்கழக மாணவர்கள்! பேராசிரியர்களும் உடன் நின்றார்கள். 1935இல் வந்த சட்டமோ, பாட்டன் பாட்டி எந்தச் சமயத்தார் என்று எண்ணிப் பார்த்து மனிதனின் குடியுரிமையைப் பறித்தது. நகரத்தெரு கேட்க மறந்த பிறப்பை அரசாங்கம் கேட்டது. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு இந்த வரலாறு உறக்கத்தைக் கெடுப்பது. சமத்துவ உணர்வு இல்லாத கல்வி, தீப்பந்தம் ஏந்தவும் கூசாது.

மாணவச் செல்வங்களே! நகரத்திற்குச் செல்லுங்கள், அஞ்ச வேண்டாம். அங்கே கிடைக்கும் சுதந்திரம் மெய்யானது. ஆனால் அது காவல் இல்லாவிட்டால் களவு போகக்கூடியது. சட்டத்தை அறிந்திருங்கள். சங்கமாகச் சேர்ந்திருங்கள். எத்தொழில் செய்பவரையும் தாழ்வாக நோக்காதீர்கள். இந்நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பிலேனும் படியுங்கள். படங்களைக் கூட்டாகப் பாருங்கள். பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: இங்கே உழைப்பவர் யார்? அவர் உறங்கும் இடம் எது? அவர் எதற்கு அஞ்சுகிறார்? அவர் விழும்போது பக்கத்தில் நிற்பவர் யார்?

நான்காவது கேள்விக்கு விடையாக இருக்கவே இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் உழைத்து வருகிறது. பீபர்கோப்புக்கு வாய்க்காத துணை உங்களுக்கு வாய்த்திருக்கிறது. நாளை நகரத்தில் நீங்கள் நிலைபெற்றபின், ஊரிலிருந்து பெட்டியுடன் வந்து இறங்கும் அடுத்த பிள்ளைக்கு நீங்கள் துணையாக நில்லுங்கள்.