ஊது உலையும் நுழைவுத் தேர்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

நாட்டியத்திற்கும் நாடகத்திற்கும் நடுவே ஒரு கிழவனின் சொற்பொழிவைச் செயலாளர் அவர்கள் ஏன் புகுத்தினார் என்று குழந்தைகள் எண்ணக்கூடும். எனக்கு அளிக்கப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். அளிக்கப்பட்ட தலைப்போ, 'போட்டித் தேர்வில் இரசாயனப் பாடத்தை வெல்வது எப்படி' என்பது. வெல்லும் வழியை நான் அறிந்தவனல்லன். இந்தப் பிலாய் எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 34 ஆண்டுகள் தாதுவையும் கசடையும் வாயுவையும் பகுத்துப் பார்த்தவன், அவ்வளவே. தந்தை என்ற முறையில் ஒரு பிழை செய்தவன். அந்தப் பிழையைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடைக்கு இசைந்தேன்.

நம் காலனியில் பிள்ளை பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைத்த அன்றே வீட்டிலுள்ள ஏனைய நூல்கள் பரண் ஏறிவிடுகின்றன. பாடநூல், பயிற்சிக்கூடம் தரும் குறிப்பு, பழைய வினாத்தாள்கள் ஆகிய மூன்றுக்கு மட்டுமே மேசையில் இடமுண்டு. பெற்றோரின் அச்சத்தை நான் குறைகூறவில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வின் முதற்கட்டத்தில் 3 மணி நேரத்தில் 75 வினாக்கள்; அவற்றுள் இரசாயனத்திற்கு 25. ஒரு வினாவுக்கு முழுதாக இரண்டரை நிமிடமும் இல்லை. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 கழிந்துபோகும். இந்த நிலையில் கதைப் புத்தகம் போலத் தோன்றும் ஒன்றைப் பிள்ளை கையில் கண்டால் எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது?

எனக்கும் பதறியது. பல ஆண்டுகளுக்கு முன் என் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். நூலகத்திலிருந்து மைக்கேல் பாரடே ஒரு மெழுகுவத்தியைப் பற்றிச் சிறுவர் சிறுமியர்க்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளின் தொகுப்பைக் கொண்டுவந்து படித்துக்கொண்டிருந்தாள். 1860-61 கிறிஸ்துமஸ் பருவத்தில் இலண்டனில் நிகழ்ந்த சொற்பொழிவுகள் அவை. ஒரு நாள் இரவுப் பணிக்கு நான் புறப்படும் வேளையில் அவள் கேட்டாள்: "அப்பா, உலையின் உச்சியிலிருந்து வரும் வாயுவில் இன்னும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்கிறீர்களே, அவ்வளவு தாது உள்ளே இருக்கும்போது அது ஏன் முழுதும் தீர்ந்துபோகவில்லை?" நூற்றுக்கு இருபது பங்கு அளவில் அந்த வாயு வெளிவருவதை நாள்தோறும் அளந்து ஏட்டில் எழுதியவன் நான். இருந்தும், "அதெல்லாம் தேர்வில் வராது, போய்க் கணக்கைப் போடு" என்று சொல்லிவிட்டு, நூலையும் வாங்கி அலமாரியில் பூட்டினேன்.

தேர்வில் அது வந்தது.

அன்று வந்த எண்கள் எனக்கு நினைவில்லை. அதே வகைக் கணக்கு ஒன்று தேசியக் கல்வி நிறுவனத்தின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் பயிற்சியாக இருக்கிறது. அதன் எண்களையே கூறுகிறேன். உலைக்குள் இரும்பு ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து இரும்பும் கரியமில வாயுவும் ஆகின்றன. 1050 கெல்வின் வெப்பத்தில் அதன் சமநிலை எண் 0.265. தொடக்கத்தில் மோனாக்சைடின் அழுத்தம் 1.4, கரியமில வாயுவின் அழுத்தம் 0.80 வளிமண்டலம். சமநிலை எய்தியபின் அவை எவ்வளவு? இதுதான் வினா.

என் மகள் என்ன செய்தாள்? உலை என்றால் இரும்பு உண்டாகும் இடம். ஆகவே வினை முன்னோக்கியே செல்லும் என்று கொண்டாள். கரியமில வாயு கூடும், மோனாக்சைடு குறையும் என்று சமன்பாடு எழுதினாள். விடை குறை எண்ணாக வந்தது. பிழை நேர்ந்ததென்று நினைத்து அடித்தாள், மீண்டும் போட்டாள், மீண்டும் அதே குறை எண். பத்து நிமிடம் கழிந்தபின் வினாவையே விட்டுவிட்டாள்.

அந்தக் குறை எண் பிழையன்று. வினை பின்னோக்கிச் செல்கிறது என்பதற்கு அடையாளம். 0.80-ஐ 1.4-ஆல் வகுத்தால் 0.57 வருகிறது. சமநிலை தாங்கக்கூடியதோ 0.265 மட்டுமே. கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி இருப்பதால், உண்டான இரும்பையே அது திரும்பவும் ஆக்சைடாக்கும். முடிவில் கரியமில வாயு 0.46 ஆகக் குறையும், மோனாக்சைடு 1.74 ஆகக் கூடும். கணக்கு இவ்வளவே. உலையில் இருவழியும் உண்டு என்று அறிந்தவர்க்கு ஒரு நிமிட வேலை. அவள் என்னைக் கேட்டதும் இதைத்தானே!

அந்த ஒரு வினாவால்தான் இடம் போயிற்று என்று நான் கூறமாட்டேன். வேறு வினாக்களும் தவறியிருக்கும். அவள் வணிகவியல் பயின்று இன்று வேறோர் ஊரில் வங்கிப் பணியில் இருக்கிறாள். பூட்டிய நூலைப் பற்றி அவள் என்றும் என்னைக் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பின் நான் படித்த வரலாறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலை முதலாளிகளுக்கும் என் மகளுக்கு எழுந்த ஐயமே எழுந்தது. எரியக்கூடிய நல்ல வாயு வீணே வெளியேறுகிறதே, தாதுவோடு அது கூடியிருக்கும் நேரம் போதவில்லை போலும் என்று கருதினார்கள். ஆகவே உலைகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டினார்கள். இங்கிலாந்தில் 30 மீட்டர் உயரம் வரை சென்றார்கள். வெளியேறும் மோனாக்சைடின் பங்கு குறையவே இல்லை. நேரம் போதாமை காரணமன்று. அந்த வினைக்கே ஓர் எல்லை உண்டு. பெரும்பொருள் செலவில் நடந்த சோதனை என்று இதனைத் தம் நூலில் எடுத்துக் காட்டியவர், சமநிலை பற்றிய விதிக்குத் தம் பெயரைத் தந்த பிரெஞ்சு அறிஞர் லெ சாட்லியர். (அவரே 1901-இல் அம்மோனியா செய்ய முயன்று, கருவிக்குள் காற்று புகுந்து வெடித்ததால் கைவிட்டார்; அந்தப் புகழ் பின்னர் ஹேபருக்குப் போயிற்று. விதி எழுதியவர்க்கும் உலை எளிதில் வசப்படவில்லை!) இந்தக் கதையைப் படித்த பிள்ளை சமநிலை எண்ணை மறப்பானா? குறை எண்ணைக் கண்டு அஞ்சுவானா?

இன்னொரு செய்தி. பாடச்சுமையைக் குறைக்கும் பொருட்டு, 2023-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் உலோகங்களைத் தாதுவிலிருந்து பிரிக்கும் அதிகாரம் நீக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு முதற்கட்ட நுழைவுத் தேர்வின் பாடத்திட்டத்திலிருந்தும் அது போயிற்று. 1959 பிப்ரவரியில் முதல் ஊது உலை தொடங்கிய இந்த ஊரில், ராஜ்ஹராவின் தாது இரயிலில் வருவதை நாள்தோறும் காணும் நம் பிள்ளைகள், இரும்பு எப்படி உண்டாகிறது என்பதைத் தேர்வுக்காகப் படிக்கவேண்டியதில்லை. ஆனால் சமநிலையும் வெப்ப இயக்கவியலும் பாடத்தில் அப்படியே இருக்கின்றன. எடுத்துக்காட்டு நீங்கியது, அதில் விளங்கவேண்டிய தத்துவம் நீங்கவில்லை. அந்த இடைவெளியை வேறு நூல்கள்தாம் நிரப்பவேண்டும்.

எந்த நூல்கள் என்று கேட்பீர்கள். பாரடே முதலாவது. அவர் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய சிறுவனாக இருந்து, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிஞரானவர். ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூல் அவற்றுள் ஒன்று. அடுத்து ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயின் தன்வரலாறு. அதன் முதற்பகுதி 1932-இல் வெளிவந்தது. தனிம அட்டவணையை மனப்பாடம் செய்து சலித்தவர்கள் மெண்டலீவின் வரலாற்றைப் படியுங்கள். 1875-இல் காலியம் கண்டவர் அதன் அடர்த்தி 4.7 என்றார், அந்த உலோகத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், மாதிரியை நன்கு தூய்மை செய்து பாருங்கள் என்று எழுதினார், செய்து பார்த்தபோது 5.9 வந்தது. தமிழில் பெ. நா. அப்புசாமி அவர்களின் கட்டுரைகள் உண்டு. 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் நம் சங்க அலமாரியில் தூசி படிந்து நிற்கின்றன.

ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். நூல்களைப் படித்தால் மட்டும் தேர்வு வந்துவிடாது. கரிம இரசாயன வினைகள் கைப்பழக்கம். நூறு முறை எழுதியே தீரவேண்டும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் பாரடேயைத் தொடங்குவதும் பேதைமை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளே அதற்குரிய காலம். பதினோராம் வகுப்பில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். நாவலைப் போல ஓடிப் படிப்பதிலும் பயனில்லை. பக்கத்தில் பென்சிலும் தாளும் வேண்டும். எங்கே எண் வருகிறதோ அங்கே நின்று தாமே கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். சுடரின் மேல் குளிர்ந்த கண்ணாடியைப் பிடித்தால் நீர்த்துளி படியும் என்று பாரடே சொன்னால், பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று சமன்பாடு எழுதவேண்டும்.

செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். விழாச் செலவு போக மீதமிருக்கும் தொகையில் சிறு பகுதியை இந்த நூல்களுக்கு ஒதுக்குங்கள். என் மகளிடமிருந்து வாங்கிப் பூட்டிய அந்த நூலை, நூலகத்திற்கு விலை செலுத்தி, நானே வைத்துக்கொண்டேன். அதை இன்று சங்கத்திற்குத் தருகிறேன். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு அலமாரியைத் திறந்து வைத்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பு முதல் எவரும் வரலாம். பெற்றோரும் உடன் இருக்கலாம். பென்சில் கொண்டுவாருங்கள். மெழுகுவத்தி நான் கொண்டுவருகிறேன்.