கர்ர்… கர்ர்… சத்தமும் ஒரு பிளாப்பிப் பெட்டியும்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் சங்க அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரை யார் ஆன் செய்தாலும் பிளாப்பி டிரைவ் "கர்ர்… கர்ர்" என்று கத்துகிறது. "கடல் காற்று சார், துரு ஏறிடுச்சு, எடைக்குப் போட்டுடலாம்" என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு மரக்காணம் நினைவுக்கு வந்தது.

நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், கிளார்க்காக. 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்த பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மரக்காணம் உப்பளப் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது விண்டோஸ் 98 காலம். தினமும் மாலையில் பிளாப்பியில் பேக்கப் எடுப்போம். அது 1.44 எம்பி, இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ கூட அதில் அடங்காது.

ஒருநாள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. உள்ளே பிளாப்பி இல்லாவிட்டாலும், எந்த ஃபைலைத் திறந்தாலும் கர்ர். மெக்கானிக் வந்தார், "உப்புக் காத்து" என்றார். நம்பும்படிதான் இருந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எங்கள் ஜன்னல் கம்பியே சாட்சி. டிரைவை மாற்றினோம். சத்தம் நிற்கவில்லை.

அடுத்து சந்தேகம் தினக்கூலியாக இருந்த பையன் மேல் விழுந்தது. மேசை துடைப்பவனும் பிளாப்பிப் பெட்டியை எடுத்து வைப்பவனும் அவன்தான். "கேம் பிளாப்பி போட்டு வைரஸ் ஏத்திட்டான்" என்றார்கள். பிளாப்பி வழியாக வைரஸ் பரவியது உண்மைதான்; 1986இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெயின்' அப்படித்தான் உலகம் சுற்றியது. நானும் தலையாட்டினேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். அது ஐப்பசி மாதம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அவன் அம்மாவுக்கு அங்கேதான் கூலி. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது அவன் சம்பளம் மட்டுமே.

மூன்றாம் நாள் மாலை, எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து கவனித்தேன். டிரையல் பேலன்ஸ் உதைத்தால் என்ன செய்வோம்? வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் யாரோ 54ஐ 45 என்று எழுதியிருக்கலாம். பிறகு முதலில் நம் பதிவைத்தானே சரிபார்ப்போம்? அப்படிப் பார்த்தேன். ஸ்டார்ட் மெனுவில் 'டாக்குமெண்ட்ஸ்' பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் கர்ர். பட்டியலில் இருந்தது என் மாதாந்திர ஸ்டேட்மெண்ட். ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யாமல், நேராக பிளாப்பியிலேயே திறந்திருக்கிறேன். அந்த ஃபைல் இன்னும் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் ஏ டிரைவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பட்டியலைத் துடைத்தேன். சத்தம் நின்றது.

மறுநாள் காலை மேனேஜரிடம் "தப்பு என்னுடையது சார்" என்று சொன்னேன். பையனை நானே போய் அழைத்து வந்தேன். "பரவால்ல சார்" என்றான். மூன்று நாள் கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் முன்போல என் மேசைப் பக்கம் வந்து பேச அவனுக்குப் பல நாள் ஆயிற்று.

இப்போது நம் கம்ப்யூட்டருக்கு வருவோம். வரிசையாகப் பாருங்கள்.

ஆன் செய்யும்போது மட்டும் கத்தினால் அது கோளாறே இல்லை. பயாஸில் 'பூட் அப் பிளாப்பி சீக்' என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்கை முதலில் வையுங்கள்.

வேலை செய்யும்போது கத்தினால் டாக்குமெண்ட்ஸ் பட்டியல், வேர்ட், எக்செல் ஆகியவற்றின் பழைய ஃபைல் பட்டியல், டெஸ்க்டாப் ஷார்ட்கட் எல்லாவற்றிலும் ஏ டிரைவ் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் பிளாப்பியைச் சோதிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே பட்டை கேபிளைத் தலைகீழாகச் செருகியிருப்பார்கள். சிவப்பு ஓரம் ஒன்றாம் எண் முனைப் பக்கம் வரவேண்டும். அதைச் சரிசெய்யும்வரை நல்ல பிளாப்பி எதையும் உள்ளே போடாதீர்கள். அதில் உள்ளது அழிந்துபோகலாம்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன்? அந்த அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பிளாப்பிகள் இருக்கின்றன. நம் ஆரம்பகால பராமரிப்புக் கணக்கும் வைப்பு நிதிக் கணக்கும் அவற்றில்தான். அவற்றைப் படிக்க நம்மிடம் இருக்கும் ஒரே வழி அந்தக் கம்ப்யூட்டர். சோனி நிறுவனமே 2011இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு பிளாப்பியிலும் மூலையில் உள்ள சின்னத் தாழைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போது அதில் எதுவும் எழுதப்படாது. பிறகு ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்து, அங்கிருந்து திறந்து பாருங்கள். பிளாப்பியிலிருந்து நேராகத் திறக்காதீர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அலுவலகத்தில் இருப்பேன். உதவ யாராவது இரண்டு பேர் வந்தால் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையைப் பெருக்கும் அம்மா ஏதோ வயரை இழுத்துவிட்டார் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. ஞாயிறு வரை அந்தப் பேச்சு வேண்டாம்.