சுடாத மின்சாரம்
(ஆவுடையார்கோவிலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கரண்ட் வச்சுக் கேன்சரைக் கொல்ல முடியுமா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். முடியும். ஆனால் சுட்டுப் பொசுக்கி அல்ல.

கட்டியைச் சூட்டால் அழிக்கும் முறைகள் முன்பே உண்டு. கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டியிருந்தால்தான் சிக்கல். ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டியின் ஓரம் பிழைத்துக்கொள்ளும். சூட்டைக் கூட்டினாலோ பக்கத்துப் பித்தக் குழாய் வெந்துபோகும்.

புதிய முறையில் மெல்லிய ஊசிகளைக் கட்டியைச் சுற்றிச் செருகி, 3000 வோல்ட் வரை மின்துடிப்புகள் கொடுக்கிறார்கள். ஒரு துடிப்பின் நேரம் விநாடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் சூடு அதிகம் ஏறாது. செல்லின் சவ்வில் நுண்துளைகள் விழும். அவை மூடாவிட்டால் செல் செத்துவிடும். குழாய்களைத் தாங்கும் கொலாஜன் சட்டம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். நம்ம ஊர்க் கோயில் கொடுங்கைக்குச் சேதமில்லாமல், அதிலிருக்கும் குளவிக்கூட்டை மட்டும் எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

1982-இல் நாய்மன் குழுவினர் மின்துடிப்பால் செல்லுக்குள் மரபணுவைச் செலுத்தினார்கள். அங்கே துளை மூடிக்கொள்ள வேண்டும். மூடாத துளையே மருந்தாகலாம் என்று 2005-இல் டவலோஸ், மிர், ரூபின்ஸ்கி மூவரும் எழுதினார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜி சுந்தரராஜன், உயர் மின்னழுத்தப் பொறியியலிலிருந்து இந்தத் துறைக்கு வந்தவர். துளை வழியே புற்றுநோய் மருந்தைச் செலுத்துவது அவருடைய ஆய்வு. இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது சர்வரோக நிவாரணி அல்ல. முழு மயக்கமும் தசை தளர்த்தும் மருந்தும் தேவை. துடிப்பை இதயத் துடிப்போடு ஒத்துக் கொடுக்க வேண்டும். உடலெங்கும் பரவிய நோயை இது தீர்க்காது. கணையப் புற்றில் இதன் பலன் இன்னும் ஆராயப்படுகிறது. புரோஸ்டேட் திசுவை அழிக்க அமெரிக்க அரசு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதி தந்தது. ஆகவே "மின்சார வைத்தியம்" என்று எவராவது பெட்டியைக் காட்டினால் ஏமாந்து, நாளைக் கடத்தாதீர்கள்.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. ஊசியோ, கத்தியோ, கதிரோ, நேரத்தோடு போனால்தான் பலன். வீட்டில் யாருக்காவது ஆறாத புண்ணோ, கட்டியோ இருந்தால் நாளைக்கே அழைத்துப் போங்கள்.